செசிலியின் குரலுக்கு நாங்கள் இறங்கி வந்த கதை

மேடைக்கு எதிரே சவுண்டு மேசையில் உட்காரத் தொடங்கியிருக்கிற உங்களுக்கு ஓர் ஆளை முன்கூட்டியே அறிமுகப்படுத்திவிடுகிறேன். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஆள் வருவார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, வியர்த்த முகத்தோடு வந்து, "சத்தம் பத்தல, ஏத்துங்க" என்பார். கல்யாண வீடென்றால் அவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். திருவிழா என்றால் கமிட்டிக்காரர். அவர் கெட்டவர் இல்லை. கூட்டம் கலைந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு. அவர் சொன்னதும் உங்கள் கை தானாகச் சத்தம் ஏற்றுகிற திருகைத் தேடிப் போகும். கை போகும் முன் ஒருதரம் காதைக் கொடுத்துக் கேளுங்கள். நாற்பது வருசம் இந்த வேலை பார்த்தவன் உங்களுக்குச் சொல்ல முடிந்தது பெரும்பாலும் இவ்வளவுதான்.

எந்த ஒயரை எதில் சொருகுவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இப்போதிருக்கும் பெட்டிகளை என்னால் இயக்கக்கூட முடியாது. அதனால் அதையெல்லாம் விட்டுவிட்டு, நான் வேலை பார்த்த ஒரு குழுவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எண்பதுகள் தொடங்கியிருந்த சமயம். சின்னமனூரில் ஒரு மைக்செட் கடையில் நான் ஆளாக இருந்தேன். கடையில் ஒரு எக்கோ பெட்டி இருந்தது. உள்ளே ஒரு டேப் சுற்றிக்கொண்டே இருக்கும். பேசினால் பேசியது திரும்பத் திரும்ப வந்து மெல்லத் தேயும். நாடகக்காரர்கள் அசரீரிக்கு அதை வாடகைக்கு எடுப்பார்கள். மற்றபடி அதைக் கேட்டு யாரும் வருவதில்லை. ஒருநாள் ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒருவர் வந்து அதைக் கேட்டார். மேகமலையில் ஒரு எஸ்டேட்டில் கிளார்க் என்றார். பெயர் ஜெயபால்.

"என்ன நாடகம் சார்?" என்று கேட்டேன்.

"நாடகம் இல்ல. கிதாருக்கு."

கிதாருக்கு எதற்கு அசரீரிப் பெட்டி என்று முதலாளிக்குப் பிடிபடவில்லை. பெட்டியை மலைக்கு அனுப்பப் பயந்து, அதற்குக் காவலாக என்னையும் கூடவே அனுப்பினார். அப்படித்தான் நான் முதல்முதலில் அந்த ஏலக்காய் ஸ்டோருக்குப் போனேன்.

ஏலக்காயைக் காயவைத்துத் தரம் பிரிக்கிற கட்டடத்துக்கு ஸ்டோர் என்று பெயர். அறுவடை இல்லாத மாதங்களில் அது சும்மா கிடக்கும். மரத்தளம், உயரமான தகரக் கூரை, உள்ளே நுழைந்தால் மூக்கை அடைக்கிற வாசம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அங்கே நாலு பேர் கூடுவார்கள். ஜெயபால் கிதார். அவர் பெண்டாட்டி செசிலி பாட்டு. செசிலிக்கு அனுமந்தன்பட்டி, வேதக்காரக் குடும்பம், மாதா கோயில் பாடகர் குழுவில் பாடி வளர்ந்தவள். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். டிரம்ஸ் அடிப்பது முத்தையா, எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவன், தோட்டத் தொழிலாளிகளின் லயத்து வீட்டில் பிறந்தவன். பேஸ் கிதார் காதர், உத்தமபாளையத்தில் கடிகாரக் கடை வைத்திருந்தார். குழுவுக்கு 'ஈரக்காற்று' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சுற்றுவட்டாரத்தில் இருந்த மற்ற மெல்லிசைக் குழுக்கள் எல்லாம் சினிமாப் பாட்டுதான் வாசிக்கும். இவர்கள் சொந்தமாகப் பாட்டுக் கட்டினார்கள். அதிலும் பாட்டு உடனே தொடங்காது. ஜெயபால் கிதாரில் ஒரு தந்தியைத் தட்டிவிட்டுச் சும்மா நிற்பார். எக்கோ பெட்டி வழியாக அந்த ஒலி தகரக் கூரையில் ஏறி, சுவரைத் தடவி, போகவே மனசில்லாமல் போகும். அது முழுக்கப் போவதற்குள் அடுத்ததைத் தட்டுவார். கேட்டுக்கொண்டிருந்தால், கதவுக்கு வெளியே நிற்கிற மேகம் உள்ளே வந்துவிட்ட மாதிரி இருக்கும். காதர் அடியில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார். அப்புறம் முத்தையா இறங்குவான் பாருங்கள், லாரி சரக்குக் கொட்டுகிற மாதிரி. அத்தனைக்கும் மேலே செசிலி பாடுவாள். அப்படி ஒரு தொண்டையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மைக்கை ஒரு முழம் தள்ளி வைத்தால்தான் எனக்குச் சமாளிக்க முடியும்.

பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோன நான், அடுத்த ஞாயிறு பெட்டி இல்லாமலே மலையேறினேன். அதற்குப் பிறகு அவர்கள் எங்கே வாசித்தாலும் சவுண்டு நான்தான். கோயில் திருவிழா, எஸ்டேட் விழா என்று தொடங்கி, மதுரையில் ஒரு கல்லூரிவரை போனோம். அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் மேடைக்கு வந்து, "இது என்ன பாட்டுண்ணே, எந்தப் படம்?" என்று கேட்டார்கள். எந்தப் படமும் இல்லை என்று ஜெயபால் சொன்னபோது அவர் முகத்தில் வந்த சிரிப்பு இன்னும் எனக்குத் தெரிகிறது. கேசட் போடுகிற ஒருவர் அங்கே வந்திருந்தார். "பாட்டு சேரட்டும், ஒருநாள் ரெக்கார்டிங் தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் செசிலி கழுத்தில் கட்டி வந்தது.

கழலை. மலைப்பக்கம் பலபேருக்கு வருவதுதான். முதலில் சட்டைக் காலரை உயர்த்தித் தைத்துக்கொண்டு மறைத்தாள். விழுங்கக் கஷ்டமானதும் மதுரைக்குக் கூட்டிப் போனார்கள். ஆப்பரேசன் செய்தே ஆக வேண்டும், ஆனால் குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சிலருக்குக் குரல் பழையபடி வராது என்று டாக்டர் முன்கூட்டியே உட்காரவைத்துச் சொன்னார். ஜெயபால் அழுதுவிட்டாராம். செசிலி டாக்டரைப் பார்த்து, "மூச்சு விடலாம்ல, சோறு தின்னலாம்ல, அப்ப செய்ங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

கட்டி போனது. கூடவே குரலும் போனது. ஊமையாகிவிடவில்லை. ஆனால் வார்த்தை வருவதற்கு முன்னால் காற்று வந்தது. ரகசியம் பேசுகிற மாதிரி ஒரு சத்தம், அதுவும் நடுநடுவே கிழியும். வகுப்பில் பிள்ளைகளைக் கூப்பிட மேசையைத் தட்டத் தொடங்கினாள். மாதங்கள் போயின. வந்தது அவ்வளவுதான்.

ஜெயபால் கிதாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, பரண்மேல் ஏற்றிவிட்டார். நாங்கள் பார்க்கப் போனபோது அதைப் பற்றிப் பேச்சையே எடுக்கவில்லை. தேயிலை விலையைப் பற்றிப் பேசினார். செசிலிதான் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஆப்பரேசன் எனக்குத்தான் ஆச்சு, பாண்டியண்ணே. குழுவுக்கு ஆகல. இவுகள எறக்கச் சொல்லுங்க அந்தப் பெட்டிய."

"நீ பாடாம என்னத்துக்கு?" என்றார் ஜெயபால், அவளைப் பார்க்காமல்.

"காதரண்ணன் பாடட்டும். நல்ல சாரீரம். நான் சொல்லிக்கொடுக்கேன்."

காதர் பதறிப்போனார். "ஏத்தா, நான் ஓரமா நின்னு வாசிக்கிறவன். என்னய நடுவுல நிறுத்துறியே" என்றார். அவள் விடவில்லை. நாற்காலியைப் போட்டு ஏறி, பெட்டியை அவளே இறக்கினாள். அந்த வீட்டில் அதன்பிறகு யாரும் தேயிலை விலை பேசவில்லை.

அடுத்த ஞாயிறு ஸ்டோரில் கூடினோம். காதருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாட்டு, முத்தையா எழுதியது. முத்தையாவின் அக்காளை மலையாளத்துப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணம் முடிந்து அவள் சாமான்களோடு லாரியில் ஏறிப் போனதைப் பார்த்தவன் அவன். "நீ ஏறிப் போன லாரி போயிருச்சு, தூசி மட்டும் இன்னும் எறங்கல" என்று தொடங்கும். தூசிப் பாட்டு என்றுதான் எங்களுக்குள் சொல்வோம். முன்பு செசிலி அதைக் கத்திப் பாடுவாள், போகிற லாரிக்குக் கேட்க வேண்டும் என்பதுபோல.

இப்போது அவள் காதர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒரு வரியைச் சொன்னாள். வாத்தியச் சத்தத்தில் காதருக்குக் கேட்கவில்லை. ஜெயபால் கொஞ்சம் குறைத்தார். அப்போதும் கேட்கவில்லை. இன்னும் குறைத்தார். முத்தையா எவ்வளவு மெதுவாக அடித்தாலும் அந்த மரத்தளத்தில் இடியாகத்தான் விழுந்தது. அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து டிரம் மேல் போட்டான். குச்சியைக் கீழே வைத்துவிட்டு விரலால் அடித்தான். செசிலிக்கு முன்னால் ஒரு மைக்கை வைக்கச் சொன்னார் காதர், அவள் பாடுவதற்கு அல்ல, அவருக்குப் பாடம் கேட்பதற்கு. நான் அதை அவள் உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

அவள் மறுபடி சொன்னாள். சொல்லும்போதே ராகம் வந்துவிட்டது. மூச்சும் வார்த்தையும் சேர்ந்து வந்தன. "எறங்கல" என்ற இடத்தில் குரல் கிழிந்து, காற்று மட்டும் போய், மறுபடி ஒட்டிக்கொண்டது. ஜெயபாலின் ஒரே ஒரு சுரம் கூரையில் தேய்ந்துகொண்டிருந்தது. முத்தையாவின் விரல்கள் துண்டுமேல் தப் தப்பென்று தூரத்தில் யாரோ நடப்பதுபோலக் கேட்டன.

அவள் ஒரு அடி முடித்துக் காதரைப் பார்த்தாள். அவர் பாட வேண்டிய முறை. பாடவில்லை. குனிந்து பேஸ் கிதாரையே பார்த்துக்கொண்டு வாசித்தார்.

"பாடுங்கண்ணே" என்றாள்.

"நீ பாட்டுக்குச் சொல்லு தாயி, எனக்கு இன்னும் மனசில ஏறல" என்றார் காதர்.

அவள் அடுத்த அடியைச் சொன்னாள். அதற்கும் அவர் பாடவில்லை. அவள் கடைசிவரை சொல்லி முடித்தாள். முத்தையாதான் டிரம்மில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மதினி, எங்கக்கா போறப்ப நான் கத்தல. வாயத் தொறக்க முடியாமத்தான் நின்னேன். இதுதான் அந்தப் பாட்டு" என்றான்.

அன்றைக்குப் பிறகு எங்கள் வேலை தலைகீழானது. அதுவரைக்கும் ஒரு வாத்தியத்துக்கு மேல் இன்னொன்றை ஏற்றுவோம், அதற்கு மேல் அவள் ஏறி நிற்பாள். இப்போது அவள் கீழே நின்றாள், ஒவ்வொருவராக அவளிடத்துக்கு இறங்கினோம். ஜெயபால் வாசிப்பதில் பாதியைக் கழித்தார். அந்தக் கிதார் மேகம் முன்பைவிட அகலமாக விரிந்தது, நடுவில் அவளுக்கு ஒரு வெட்டவெளி விட்டு. ஒருநாள் அந்த வழியாகப் போன மேனேஜர் உள்ளே எட்டிப்பார்த்து, "மழை பெய்யுதுன்னு நினைச்சேன்" என்றார். அவர் குறையாகச் சொன்னாரா என்று தெரியாது. நாங்கள் நிறைவாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

ஆனால் ஸ்டோருக்குள் கேட்பது வேறு, வெளியே வேறு. காமயகவுண்டன்பட்டியில் ஒரு திருவிழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ராத்திரி நாடகம். அதற்கு முன்னால் சாயங்காலம் கூட்டத்தைப் பிடித்து உட்காரவைக்க எங்கள் குழு. மைக்செட் எங்கள் கடையுடையதுதான். மேடைக்கு இரண்டு பக்கமும் பெட்டி ஸ்பீக்கர். அதோடு தெருமுனை, பஸ் நிறுத்தம், தென்னந்தோப்பு என்று மரத்துக்கு மரம் குழாய் ஸ்பீக்கர் கட்டச் சொல்லியிருந்தார்கள். திருவிழா என்றால் பக்கத்து ஊருக்குக் கேட்க வேண்டும். ஆடிக்காற்று வேறு. திராட்சைத் தோட்டங்களின் மேலே அடித்துக்கொண்டு வந்து பந்தல் துணியைப் படபடவென்று உதறியது.

செசிலிக்கு அதிகம் பாட முடியாது என்பதால், அவள் சொல்லிக்கொடுத்ததை முதலில் காதர் பாடினார். ரெண்டு பாட்டு நன்றாகவே போனது. மூன்றாவது தூசிப் பாட்டு. செசிலி எழுந்து மைக்குக்கு வந்தாள். கழுத்துத் தழும்பு தெரியத்தான் நின்றாள். மறைத்துத் தைத்த சட்டைகளை அவள் விட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

முதல் அடி வந்தது. குழாய்களில் அது எப்படிக் கேட்டது தெரியுமா? தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி. தோப்புக் குழாயிலிருந்து ஒரு செசிலி, பஸ் நிறுத்தத்திலிருந்து இன்னொரு செசிலி, ஒன்று முடிந்தபின் ஒன்று. நடுவில் காற்று. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "ஏத்தா, சாப்பிட்டுட்டு வந்து பாடு" என்று ஒருவன் கத்தினான். ஜெயபால் மேடையிலிருந்து என்னைப் பார்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் நான் முதலில் சொன்ன ஆள் வந்தார். கமிட்டித் துண்டு போட்டிருந்தார்.

"என்னய்யா பண்ணுற? சத்தத்தை ஏத்து. ஒண்ணுமே கேக்கல. சனம் எந்திரிக்கிது பாரு."

என் கை திருகுமேல் போய்விட்டது. கொஞ்சம் ஏற்றினேன். மைக் கூவத் தொடங்கியது. செசிலி முகத்தைச் சுளித்தாள், ஆனால் பாட்டை விடவில்லை. இன்னும் ஏற்றினால் ஊரே காதைப் பொத்தும். குறைத்தால் அவள் இல்லை. யோசிக்க அந்த ஒரு அடி முடிகிற நேரம்தான் இருந்தது. எனக்கு ஸ்டோர் ஞாபகம் வந்தது. அங்கே யாரும் அவளை ஏற்றவில்லை. நாங்கள்தான் அவள் பக்கம் போனோம்.

குழாய்களுக்குப் போகிற ஒயரை ஆம்ப்ளிஃபயரின் பின்னாலிருந்து பிடுங்கினேன்.

தோப்பு அணைந்தது. பஸ் நிறுத்தம் அணைந்தது. மேடையோரம் இருந்த ரெண்டு பெட்டிகள் மட்டும் பேசின. தூரத்தில் நின்றவர்களுக்குத் திடீரென்று ஒன்றுமே கேட்கவில்லை. கமிட்டிக்காரர் என் சட்டையைப் பிடித்தார். "ஏலே, குழாயெல்லாம் செத்துப்போச்சு! என்னலே பண்ணுன?"

"அண்ணாச்சி, ஒரே பாட்டு. இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் கிட்ட வந்து கேக்கச் சொல்லுங்க. முடியட்டும், அப்புறம் என்னய என்ன வேணா பண்ணுங்க."

அவர் சட்டையை விடவில்லை. சண்டை நடக்கிறது என்று நினைத்து முதலில் கொஞ்சம் பேர் எங்கள் பக்கம் வந்தார்கள். கிட்ட வந்ததும் பாட்டு அவர்களுக்குக் கேட்டது. அவர்கள் அங்கனயே நின்றார்கள். அதற்குப் பின்னால் இருந்தவர்களும், என்ன நடக்கிறது என்று பார்க்க வந்தார்கள். தோட்ட வேலை முடிந்து கூடையோடு வந்த பெண்கள் சிலர் மேடைக்கு முன்னால் வந்து கூடையை இறக்கிவைத்து உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி பின்னால் திரும்பி, "பேசாம வாங்கப்பா, அந்தப் புள்ள என்னமோ சொல்லுது" என்று அதட்டினாள். முத்தையா துண்டுமேல் விரலால் தட்டுவது அப்போது எனக்கே கேட்டது. அவ்வளவு அமைதி. காற்று மட்டும் அடித்தது. அது பாட்டோடு ஒத்துப்போனது.

கமிட்டிக்காரர் எப்போது என் சட்டையை விட்டார் என்று எனக்குத் தெரியாது. பாட்டு முடிந்ததும் கைதட்டல் உடனே வரவில்லை. ஜெயபாலின் கடைசிச் சுரம் தேய்ந்து முடிகிற வரைக்கும் காத்திருந்து, அப்புறம்தான் தட்டினார்கள். இந்த வித்தியாசத்தை உங்கள் தொழிலில் நீங்கள் கவனிக்க வேண்டும். பாட்டு முடிந்ததற்குக் கை தட்டுவார்கள். சத்தம் முடிகிறவரை பொறுத்துத் தட்டினால், அவர்கள் உங்களோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம்.

கமிட்டிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, நாடகத்துக்காவது குழாயைப் போடு" என்றார். போட்டேன்.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு நாளைக்கே யாரும் ஸ்பீக்கரை அணைத்துவிடாதீர்கள். எல்லாப் பாட்டுக்கும் அது சரிவராது. அன்றைக்கு எனக்கு அது தப்பாகப் போகவும் செய்திருக்கலாம். ஆளைக் கூட்டத்துக்குக் கொண்டுபோவதா, கூட்டத்தை ஆளுக்குக் கொண்டுவருவதா என்று ரெண்டு வழி உண்டு. ரெண்டாவதும் ஒரு வழி என்பது மனசில் இருந்தால் போதும்.

மதுரை கேசட்காரர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். ஒருநாள் ரெக்கார்டிங். ஒரு வீட்டின் மாடியறை, சுவரெல்லாம் மெத்தையும் சாக்கும் தொங்கவிட்டிருந்தார்கள். ஸ்டோரில் போகவே மாட்டேன் என்று நிற்கிற சத்தம், அந்த அறையில் வாயை விட்டு வந்ததுமே செத்து விழுந்தது. செசிலிக்கு ஒரு நாளில் சில தரம்தான் பாட முடியும். அதற்கு மேல் வெறும் காற்றுதான் வரும். தூசிப் பாட்டைப் பாடினாள். "எறங்கல" வழக்கம்போல் கிழிந்தது. சத்தத்தை ஏற்றி இறக்க நானும் ரெக்கார்டிங் செய்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் பொறுமையானவர். "இன்னொரு தரம் எடுத்துடலாமேம்மா, அந்த இடம் உடையாம" என்றார். மறுபடி பாடினாள். உடையவில்லை. ஆனால் களைத்துப்போயிருந்தாள், பாட்டில் ஆள் இல்லை.

ஜெயபால் என்னைத் தனியே கூப்பிட்டார். "பாண்டியண்ணே, முதல்ல எடுத்ததையே வச்சுக்கிருவோம். ஆனா எக்கோவை நல்லா ஏத்தி விடுங்க. அந்தக் கிழிசல் தெரியாம மூடிருங்க. கேசட்டு நாலு பேர் கைக்குப் போகும். அவளை யாரும் ஒண்ணும் சொல்லிரப்படாது."

பாசத்தில் சொல்கிறார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முடியும் என்றும் சொல்லப் பிடிக்கவில்லை. எக்கோ எதற்கு என்றால், குரலுக்கு நிற்க ஒரு இடம் கொடுப்பதற்கு. போர்வை போட்டு மூடினால் ஆள் எங்கே? கண்ணாடிக்கு அந்தப்பக்கம் செசிலி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். உள்ளே வந்தாள்.

"என்ன மூடுறீக?"

ஜெயபால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் கேக்கணும் முதல்ல" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆப்பரேசனுக்குப் பிறகு அவள் தன் குரலை டேப்பில் கேட்டதே இல்லை. நாங்கள் எல்லாரும் கேட்டுப் பழகியிருந்தோம். அவள் மட்டும் கேட்கவில்லை. கொடுப்பதா வேண்டாமா என்று எனக்குத் தயக்கம். கேட்டு மனசு உடைந்தால் மிச்சப் பாட்டும் போகும், அந்த நாளும் போகும். ஆனால் குரல் அவளுடையது. முதலில் எடுத்ததை, எக்கோ இல்லாமல், அப்படியே போட்டு ஹெட்ஃபோனை அவள் கையில் கொடுத்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒரு கை கழுத்துத் தழும்பிலேயே இருந்தது. ஜெயபால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாட்டு முடிந்தும் அவள் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை.

"இது யாருங்க?" என்று கேட்டாள்.

ஜெயபால் திரும்பினார். "செசிலி..."

"இல்ல, நான் வேற மாதிரி நெனச்சிருந்தேன். ரொம்பக் கோரமா இருக்கும்னு. நீங்கள்லாம் என் மனசு நோகக்கூடாதுன்னு பொய் சொல்றீகன்னு." ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "பழைய செசிலிக்கு இந்தப் பாட்டு வராது. இவ பாடட்டும். மூடாதீக."

ஜெயபால் அவள் தலையிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ரெக்கார்டிங் செய்கிறவர் எழுந்து வெளியே போய் எல்லாருக்கும் டீ சொன்னார். எக்கோவைக் கிதாருக்கு மட்டும் வைத்தேன். அவள் குரலுக்குச் சும்மா ஒரு சொட்டு.

அந்தக் கேசட் பெரிய ஊர்களில் ஓடவில்லை. கம்பம் பள்ளத்தாக்கிலும் எஸ்டேட்டுகளிலும் கைமாறி, படியெடுத்து, தேய்கிறவரை ஓடியது. ஈரக்காற்று அதற்குப் பிறகும் சில வருசம் வாசித்தது. மகள் பிறந்ததும் செசிலி மேடையை விட்டுப் பள்ளிக்கூடத்தோடு நின்றுகொண்டாள். காதர் கடையைப் பார்த்துக்கொண்டார். நான் மதுரைக்கும் பிறகு சென்னைக்கும் போய்ப் பெரிய பெரிய குரல்களுக்கு வேலை பார்த்தேன். ஆனால் புதுசாக ஒருவர் மைக்குக்கு முன்னால் வந்தால், இவரை எவ்வளவு ஏற்றலாம் என்று நான் பார்க்க மாட்டேன். மற்றவர்கள் எவ்வளவு இறங்க வேண்டும் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

கேசட்டின் முதல் பிரதி கைக்கு வந்த நாளைச் சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து எல்லாரும் முத்தையாவின் ஜீப்பில் திரும்பினோம். காதர் மடியில் பேட்டரி டேப் ரெக்கார்டர். சின்னமனூர் தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் பொறுமை இல்லாமல் கேசட்டைப் போட்டார். ஜீப் போட்ட சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கல்லும் குழியுமான பாதை. காதர் டேப் ரெக்கார்டரைக் காதோடு ஒட்டிக்கொண்டார். "மாப்ளே, எதுவும் கேக்கல மாப்ளே" என்று ஜெயபாலிடம் புலம்பினார். ஒரு வளைவில் முத்தையா ஜீப்பை நடுரோட்டிலேயே நிறுத்தி எஞ்சினை அணைத்தான்.

தூசிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மத்தியான வெயில், கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை.

பின்னால் மலைக்கு ஏறுகிற பஸ் வந்து நின்றது. ஆரன் அடித்தது. முத்தையா கையை மட்டும் வெளியே நீட்டி, பொறு என்று காட்டினான். இன்னும் ரெண்டு தரம் அடித்துப் பார்த்துவிட்டு டிரைவர் இறங்கி வந்தார். திட்டுவதற்குத்தான் வந்தார்.

"என்னப்பா, ரிப்பேரா?"

"இல்லண்ணே. பாட்டு."

அவர் ஜீப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். திட்டவில்லை. பஸ்ஸிலிருந்து ரெண்டு மூன்று பேர் இறங்கி அவருக்குப் பின்னால் வந்து நின்றார்கள். பாட்டு முடிந்து, கிதார் தேய்ந்து, டேப் ஓடுகிற சரசரப்பு மட்டும் மிச்சம் இருந்தது.

"அந்தப் புள்ளைக்குத் தொண்ட சரியில்லையோ?" என்று கேட்டார் டிரைவர்.

"ஆமாண்ணே" என்றாள் செசிலி.

அந்த ஒரு வார்த்தையில் அவருக்கு விளங்கிவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து ரோட்டோரக் கல்லைத் தட்டிவிட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"அப்ப இன்னொருக்காப் போடுத்தா" என்றார். "மேல போயி இப்ப என்ன செய்யப்போறோம்."

காதர் டேப்பைத் திருப்பிச் சுற்றினார்.